கண்ணாடித் தட்டில் வளர்ந்த உயிரணு

வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். இலையை எத்தனை முறை அறுத்தாலும் வாழை மறுபடி இலை விடும். குருத்து அழுகிவிட்டாலோ, அதன்பின் எவ்வளவு உரமிட்டாலும் பயன் இல்லை. தென்னையிலும் இதுவே முறை. ஓலைகள் உதிர்வதால் மரம் சாவதில்லை. வண்டு துளைத்துக் குருத்தின் அடியைத் தின்றுவிட்டால் மரம் பிழைப்பதில்லை. மனித உடலிலும் இத்தகைய குருத்துக்கள் உண்டு. நம் மேற்றோல் ஏறத்தாழ மாதத்திற்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாட்களே. உதிர்ந்தவற்றின் இடத்தில் புதியவை வந்தவண்ணம் இருக்கின்றன. உடலின் சில இடங்களில் ஒதுங்கியிருந்து, தாமும் குறையாமல், பிற அணுக்களையும் பிறப்பித்துக்கொண்டிருக்கும் ஒருவகை உயிரணுக்களே இதற்குக் காரணம் ஆகும்.

இவற்றை ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்பர். ஜெர்மன் உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868-ஆம் ஆண்டில் வழங்கிய ஜெர்மன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. அவர் கருதியது உயிரினங்கள் அனைத்திற்கும் மூதாதையான ஒற்றை உயிரணுவை. பொருள் பின்னரே இன்றுள்ளதாக மாறிற்று. தமிழில் இதனைத் தண்டணு என்றும், மூல உயிரணு என்றும், குருத்தணு என்றும் எழுதி வருகின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குக் குருத்தணு என்னும் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. தண்டு தாங்குவது, குருத்தே புதியதைப் பிறப்பிப்பது.

கலைப் பட்டம் பெற்ற நாம் இத்துறை நூல்களைப் புரட்ட நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் அலுவலகத்தில் பணியாற்றும் பெரியவர் ஒருவர் ஒருநாள் அச்சிட்ட பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள், ஐயா" என்றார். அவருடைய ஊரில் ஒரு திருமண வீட்டில் ஆறு வயதுப் பேரன் வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாட, அது பிதுங்கிக் கண்ணில் தெறித்துவிட்டது. வலக்கண்ணில் வெண்மை படர்ந்து பார்வை போயிற்று. அப்பிரசுரம் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தினுடையது. குருத்தணு ஊசியால் கண்ணும் மீளும், மூட்டு வலியும் தீரும், பக்கவாதமும் குணமாகும் என்று அது அறிவித்தது. அந்த அணுவை உடலின் எந்த இடத்திலிருந்து எடுப்பர், எங்கே வளர்ப்பர், இதுவரை எத்தனை பேருக்கு இட்டனர், அவர்களுள் எத்தனை பேர் குணமடைந்தனர் என்பன பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. பெரியவர் மனைவியின் வளையல்களை விற்க ஆயத்தமாக இருந்தார். பிரசுரத்தை மொழிபெயர்த்துக் கொடுப்பது அரைமணி வேலை. அதில் கண்ட வாக்கை நம்பலாமா என்று சொல்வதற்கோ, நாம் பல வாரங்கள் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு படித்தறிந்த வரலாற்றையே இங்கே கூறுகிறோம்.

உயிரணுவை உடலுக்கு வெளியே வளர்க்கும் முயற்சி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெற்றி கண்டது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஹாரிசன், 1907-ஆம் ஆண்டில் தவளைக் கருவிலிருந்து நரம்புத் திசுவின் சிறு துணுக்கை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் வைத்து, அத்துளி கண்ணாடியின் அடியில் தொங்கும்படி அமைத்தார். உடலை விட்டு நீங்கிய அத்துணுக்கு சாகவில்லை. அதிலிருந்து நரம்பிழைகள் நீண்டு வளர்வதை அவர் உருப்பெருக்கியில் கண்ணாரக் கண்டார். உயிருள்ள திசுவை உடலுக்கு வெளியேயும் பேணலாம் என்பது அன்று நிலைபெற்றது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் அலெக்சிஸ் காரல் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கோழிக் கருவின் இதயத் துணுக்கை வளர்க்கத் தொடங்கினார். அவ்வணுக்கள் 1946 வரை, அதாவது காரல் மறைந்து ஈராண்டு கழியும் வரை, பெருகி வந்தன என்று கூறப்பட்டது. உயிரணுக்கள் தம்மளவில் சாகாவரம் பெற்றவை என்று உலகம் நம்பிற்று. 1961-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து விஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த லெனார்டு ஹேபிளிக்கும் பால் மூர்ஹெட்டும் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். மனிதனின் சாதாரண உயிரணுக்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் சுமார் 50 முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்று அவர்கள் காட்டினர். காரலின் பாத்திரங்களில் ஊட்டத்திற்காக இட்ட கருச்சாற்றுடன் புதிய அணுக்களும் கலந்து வந்திருக்கலாம் என்று பின்வந்தோர் ஐயுற்றனர். புகழ்பெற்ற ஒருவர் கூறிய செய்தி, மற்றவர்கள் தம் கையால் செய்து பாராத காரணத்தால், ஒரு தலைமுறைக் காலம் உண்மையாக உலவிற்று. இத்துறையின் வரலாற்றில் இது மறக்கத்தகாத பாடம்.

ஓயாமல் பிரியும் மனித உயிரணுவும் இடையில் ஒன்று கிடைத்தது. 1951-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வந்தார். அவர் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வுக்கூடத்தில் என்றுமில்லாத வேகத்தில் பெருகிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அவர் இறந்தார். அவருடைய அணுக்களோ உலகெங்கும் பரவி, போலியோத் தடுப்பு மருந்தைச் சோதிப்பது முதலாகப் பல பணிகளுக்குப் பயன்பட்டன. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவருடைய குடும்பத்தாருக்குப் பல ஆண்டுகள் செய்தியே தெரியாது. மனித உயிரணுவை வளர்ப்போர், அதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்று உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. மேலும், அவை புற்றுநோய் அணுக்கள். ஆராய்ச்சிக்கு உதவுமேயன்றி, மருந்தாக ஒருவர் உடலில் இடத்தக்கவை அல்ல. சாதாரண அணு சில காலத்தில் ஓய்ந்துவிடும். புற்றணு ஓயாது, ஆனால் கொல்லும். சிகிச்சைக்கு வேண்டியது நெடுங்காலம் பெருகியும் நெறி தவறாத அணு. அதுவே குருத்தணு.

அப்படி ஒன்று உண்டு என்பதற்குச் சோதனை வாயிலான சான்றும் 1961-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில் என்னும் பௌதிக அறிஞரும் எர்னஸ்ட் மக்குல்லக் என்னும் மருத்துவரும், கதிர்வீச்சால் இரத்த உற்பத்தி அழிந்த எலிகளுக்குப் பிற எலிகளின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினர். சில நாட்களில் அவ்வெலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுக்கள் எழுந்தன. ஒவ்வொரு முடிச்சிலும் பலவகை இரத்த அணுக்கள் இருந்தன. ஆயினும் முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே ஓர் அணுவின் சந்ததி என்பதை 1963-ஆம் ஆண்டில் அவர்கள் குழுவினர் உறுதி செய்தனர்.

மனிதனின் குருத்தணுவைத் தட்டில் வளர்த்து மனிதனுக்கே திருப்பித் தரும் வழியைத் திறந்தவர் ஹோவர்டு கிரீன். அவர் இதனைத் தேடிப் போகவில்லை என்பது வியப்பு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்டு என்னும் மாணவருடன் எலியின் கட்டி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தட்டில் தோலணுக்களின் குடியிருப்புக்கள் தோன்றியதைக் கண்டார். அதற்குமுன் தோலணுவை வளர்க்க முயன்றவர்கள் தொடர்ந்து வெற்றி காணவில்லை. தம் தட்டில் மட்டும் அது ஏன் வளர்ந்தது என்று கிரீன் ஆராய்ந்தார். அருகிலிருந்த வேறு வகை அணுக்களின் துணையே காரணம் என்று தெரிந்தது. ஆகவே எலியின் இணைப்புத்திசு அணுக்களை எடுத்து, பிரிந்து பெருகும் ஆற்றல் அழியுமாறு அவற்றின்மேல் கதிர்வீச்சைச் செலுத்தி, தட்டில் பரப்பி, அவற்றின்மேல் மனிதத் தோலணுக்களை விதைத்தார். செவிலித் தாய்மார் பிறர் குழந்தையை வளர்ப்பது போல, தாம் பெருகாத அவ்வணுக்கள் தோலணுக்களைப் பெருகச் செய்தன. 1975-ஆம் ஆண்டில் இம்முறை வெளியிடப்பட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1959-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்னும் மருத்துவ அறிஞர், காலரா நோய்க்குக் காரணம் அதன் கிருமி வெளியிடும் ஒரு நச்சுப்பொருளே என்று நிறுவினார். கிருமியை வடிகட்டி நீக்கிய நீரே முயலின் குடலில் அந்நோயின் விளைவை உண்டாக்கியதை அவர் காட்டினார். வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைத்த பெருமை மிகக் குறைவு. அந்நச்சின் சிறிய அளவு, தோலணுக்களின் பெருக்கத்தைத் தூண்டுகிறது என்று 1978-ஆம் ஆண்டில் கிரீன் கண்டார். ஆயிரமாயிரம் உயிர்களைக் குடித்த நஞ்சு, தோல் வளர்க்கும் ஊட்டநீரில் ஒரு கூறாக அமைந்தது.

அடுத்த ஆண்டு மற்றொரு தடை நீங்கிற்று. தட்டில் வளர்ந்த தோலைச் சிதையாமல் உரிப்பது எப்படி? அணுக்களுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள பிடிப்பை மட்டும் கரைக்கும் நொதி ஒன்றைப் பயன்படுத்தி, அதனை முழுத் தாளாகவே கிரீனும் அவர் தோழர்களும் எடுத்தனர். தபால்தலை அளவான தோல் துண்டிலிருந்து, மூன்று நான்கு வாரங்களில், ஓர் ஆளின் உடல் முழுவதையும் மூடும் அளவுக்குத் தோல் வளர்க்கலாம் என்று கணக்கிட்டனர்.

இக்கணக்கைச் சோதிக்கும் கொடிய தருணம் 1983-ஆம் ஆண்டில் வந்தது. வயோமிங் மாநிலத்தில் சகோதரர்களான இரு சிறுவர்கள் தீயில் சிக்கினர். இருவருக்கும் உடற்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கு மேல் எரிந்துவிட்டது. தீப்புண்ணுக்கு நோயாளியின் நல்ல தோலை எடுத்து ஒட்டுவது வழக்கம். இவர்களிடத்திலோ எடுப்பதற்குத் தோல் இல்லை. பாஸ்டன் நகரத்துத் தீப்புண் மருத்துவமனைக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டனர். எரியாமல் எஞ்சிய சிறு துண்டுகளை எடுத்து, கிரீனின் ஆய்வுக்கூடத்தார் இரவு பகலாக வளர்த்தனர். இருவர் உடலிலும் ஏறத்தாழப் பாதிப் பரப்பு அவ்வாறு வளர்த்த தோலால் மூடப்பட்டது. இருவரும் உயிர் பிழைத்தனர். 1984-ஆம் ஆண்டில் இச்செய்தி மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அத்தோலில் உரோமம் இல்லை. வியர்வைச் சுரப்பிகளும் இல்லை. இயற்கைத் தோலுக்கு அது நிகராகாது. ஆயினும் அது அவர்களுடைய சொந்தத் தோல். உடல் அதனைப் புறந்தள்ளவில்லை.

தட்டில் வளரும் அணுக்கள் அனைத்தும் குருத்தணுக்கள் அல்ல என்பதையும் கிரீனும் யான் பராந்தோனும் 1987-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் தோலணுக்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தபோது, சில நெடுங்காலம் பெருகின. சில விரைவில் ஓய்ந்தன. எனவே தட்டு நிறைய அணு இருப்பது மட்டும் போதாது. அவற்றுள் குருத்தணு உள்ளதா, எவ்வளவு உள்ளது என்பதே கேள்வி. இக்கேள்வியின் முழுப் பயனும் கண் மருத்துவத்தில் வெளிப்பட்டது.

கண்ணின் கருவிழியை மூடியுள்ள, கண்ணாடி போன்ற பகுதியை விழிவெண்படலம் என்பர். அதன் மேற்பரப்பு அணுக்களும் தோலைப் போல ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றுக்குக் குருத்து எங்கே? கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் வட்டமான விளிம்பில் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டில் இரு நார்வே அறிஞர்கள் இதனை ஊகித்துக் கூறினர். 1980-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சான்றுடன் நிலைநாட்டினர். சுண்ணாம்பு முதலிய காரப் பொருள் கண்ணில் பட்டால், அது ஆழ இறங்கி அவ்விளிம்பையும் எரித்துவிடுகிறது. குருத்து அழிந்த பின் தெளிந்த படலம் வளர்வதில்லை. அருகிலுள்ள வெள்ளைவிழியின் மெல்லிய தோல், இரத்த நாளங்களோடு உள்ளே படர்ந்து பார்வையை மறைக்கிறது. இறந்தவர் தந்த விழிவெண்படலத்தை மட்டும் பொருத்தினாலும் அதுவும் நாளடைவில் மங்கிவிடும். அதனைப் புதுப்பிக்கக் குருத்து இல்லை அல்லவா?

1989-ஆம் ஆண்டில் கென்யனும் செங்கும் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து திசுவை எடுத்துக் கெட்ட கண்ணில் பொருத்தி வெற்றி கண்டனர். ஆனால் கணிசமான பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. இருக்கும் ஒரு நல்ல கண்ணுக்கும் தீங்கு வருமோ என்ற அச்சம் நீங்கவில்லை. கிரீனிடம் பயின்ற இத்தாலிய அறிஞர்களான கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே டே லூக்காவும் இதற்கு வழி கண்டனர். ஒரு மில்லிமீட்டர் அல்லது இரண்டு மில்லிமீட்டர் துணுக்கை மட்டும் எடுத்து, செவிலி அணுக்களின்மேல் வளர்த்து, காரத்தால் கண் கெட்ட இருவருக்கு அதனைப் பொருத்தி, 1997-ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2010-ஆம் ஆண்டில் 112 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற கண்களில் நூற்றுக்கு 76.6 விழுக்காடு நிலையாகத் தெளிந்தன. வளர்த்த அணுக்களில் குருத்தணுவின் அடையாளம் கொண்டவை நூற்றுக்கு 3-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வெற்றி கிட்டியது. அதற்குக் குறைந்தபோது பெரும்பாலும் தோல்வியே நேர்ந்தது. 2015-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இச்சிகிச்சைக்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. குருத்தணுவைக் கொண்டு செய்த மருந்துகளுள் அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே.

இதே குழுவினர் 2015-ஆம் ஆண்டில் மற்றொரு அரிய பணியையும் செய்தனர். சிரியாவிலிருந்து ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், பிறவிக் குறையால் தோல் கொப்புளித்து உரியும் நோயுற்று, போகும் நகரத்து மருத்துவமனையில் சாகும் நிலையில் கிடந்தான். அவனுடைய தோல் துண்டொன்றை இத்தாலிக்கு அனுப்பினர். அதிலுள்ள அணுக்களில் குறையுள்ள மரபணுவுக்கு ஈடாக நல்லதைப் புகுத்தி, தாள்தாளாக வளர்த்துத் திருப்பியனுப்பினர். அவன் உடற்பரப்பில் சுமார் நூற்றுக்கு 80 பங்கு புதுத் தோல் பெற்றது. அவன் மீண்டும் பள்ளிக்குச் சென்றான். புதுத்தோல் முழுவதையும் நிலையாகப் புதுப்பித்து வருபவை, இட்ட அணுக்களுள் ஒரு சிறு பகுதியான குருத்தணுக்களே என்பதும் 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையில் காணப்பட்டது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே சுண்ணாம்பும், பட்டாசும், அமிலமும் கண்ணைக் கெடுப்பது அரிதன்று. குழந்தைகளே பெரிதும் துன்புறுகின்றனர். ஐரோப்பிய முறையோ மிகுந்த செலவு பிடிப்பது. ஹைதராபாத்திலுள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் வீரேந்தர் சங்வானும், கீதா வேமுகண்டியும், அவர்தம் தோழர்களும் 2001-ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கையாளத் தொடங்கினர். முன்னதாக 2000-ஆம் ஆண்டில் தைவான் மருத்துவர்கள், பிரசவத்தின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வின்மேல் விளிம்பணுக்களை வளர்த்திருந்தனர். ஹைதராபாத் குழுவினர் அச்சவ்வையே நிலமாகவும், நோயாளியின் சொந்த இரத்தநீரையே ஊட்டமாகவும் கொண்டு, எலி அணு முதலிய விலங்குப் பொருள் எதுவும் இன்றி வளர்த்தனர். 2011-ஆம் ஆண்டில் 200 நோயாளிகளின் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 142 பேருக்கு வெற்றி கிட்டியிருந்தது.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தூய அறையும், தேர்ந்த பணியாளரும், இருமுறை அறுவையும் வேண்டும். சிற்றூர் மருத்துவமனைக்கு இவை எட்டுமா? குருத்தணுவுக்கு வேண்டிய வெதுவெதுப்பும், ஈரமும், ஊட்டமும் கண்ணிலேயே இருக்கின்றனவே. கண்ணையே வளர்ப்புத் தட்டாகக் கொண்டால் என்ன? சங்வான், சயன் பாசு, பாலசுப்பிரமணியன் ஆகியோரும் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஷீலா மக்நீலும் சேர்ந்து 2012-ஆம் ஆண்டில் இதற்கு விடை அளித்தனர். நல்ல கண்ணின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் சதுரத் துண்டை எடுக்க வேண்டும். அதனை எட்டு அல்லது பத்துத் துணுக்குகளாக நறுக்க வேண்டும். கெட்ட கண்ணில் படர்ந்த தழும்பை நீக்கிப் பனிக்குடச் சவ்வை விரித்து, நாற்று நடுவது போல அத்துணுக்குகளைப் பரப்பி, உயிர்ப் பசையால் ஒட்ட வேண்டும். அணுக்கள் தாமே பரவிப் படலத்தை மூடிக்கொள்கின்றன. ஒரே அறுவையில் பணி முடிகிறது, ஆய்வுக்கூடமே தேவையில்லை. முதலில் அறிவித்தது ஆறு நோயாளிகளைப் பற்றியே. 2016-ஆம் ஆண்டில் 125 பேரைப் பற்றி அறிவித்தபோது, 95 பேருக்குக் கண் தெளிந்திருந்தது. அவர்களுள் குழந்தைகளும் பலர். எஞ்சிய 30 பேருக்கு வெற்றி கிட்டவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பிற நாட்டு மருத்துவர்களும் இம்முறையைக் கற்றுச் செய்து ஒத்த பயனைக் கண்டனர்.

ஒரு நூற்றாண்டுக் காலம் உடலுக்கு வெளியே அணுவை வளர்க்கக் கற்ற விஞ்ஞானம், அக்கல்வியின் பயனாகவே, இந்நோய் ஒன்றிலேனும் அணுவை உடலுக்குள்ளேயே வளரவிடும் துணிவைப் பெற்றது. தட்டில் வளர்த்துப் பார்த்திராவிட்டால், எட்டுத் துணுக்கு போதும் என்று யார் அறிந்திருப்பர்?

இரு கண்ணும் கெட்டவர்க்கு என்ன வழி? அவர்களிடம் எடுக்க விளிம்பு இல்லை. ஜப்பானில் ஓசகா நகரத்துக் கோஜி நிஷிதா 2004-ஆம் ஆண்டில் நோயாளியின் வாயின் உட்தோலை வளர்த்து நால்வர் கண்களில் பொருத்தினார். அதற்குப் பின் புதியதொரு வாயிலும் திறந்தது. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து எவ்வகை அணுவாகவும் மாறவல்ல குருத்தணுவை வளர்த்தார். கருவை அழிப்பது தகுமா என்ற வழக்கு எழுந்தது. ஷின்யா யாமனாகா 2006-ஆம் ஆண்டில் எலியிலும், 2007-ஆம் ஆண்டில் மனிதரிலும், முதிர்ந்த சாதாரண அணுவில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி அதனை மீண்டும் குருத்தாக்கிக் காட்டினார். 2012-ஆம் ஆண்டில் ஜான் கர்டனுடன் நோபல் பரிசு பெற்றார். அவ்வாறு பெற்ற அணுவிலிருந்து வளர்த்த விழிப்படலத்தை நிஷிதா 2019-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார். நான்கு பேரை ஈராண்டு கண்காணித்து, பெருந்தீங்கு நேரவில்லை என்று 2024-ஆம் ஆண்டில் அறிவித்தார். நால்வர் என்பது சிறு எண். தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றே அவர்களும் கூறுகின்றனர்.

இவ்வளவு பொறுமையுடன் நடந்த பணியின் நிழலிலேயே வேறொரு வாணிகமும் வளர்ந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், விழித்திரை நோயுற்ற மூன்று பெண்கள் ஒரு சிகிச்சை நிலையத்தில் பணம் செலுத்தினர். அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களை, குருத்தணு என்று கூறி, இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசியால் செலுத்தினர். வரும்போது ஓரளவேனும் பார்வை இருந்தது. சில நாட்களில் மூவரும் கடும் பார்வை இழப்புக்கு ஆளாயினர். 2017-ஆம் ஆண்டில் இது மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. விழியின் விளிம்பணு விழிப்படலத்தை வளர்க்கும். தோலின் குருத்து தோலை வளர்க்கும். கொழுப்பில் கிடைத்த அணு விழித்திரையைச் செப்பனிடும் என்பதற்குச் சான்று எங்கே? அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2007-ஆம் ஆண்டில் இதற்கு நெறிமுறைகள் வகுத்தன; 2013-லும் 2017-லும் திருத்தி வெளியிட்டன. இரத்த நோய்கள் சிலவற்றிற்கு எலும்பு மஜ்ஜைக் குருத்தணுவை மாற்றுவது போன்ற ஏற்கப்பட்ட முறைகளைத் தவிர, பிறவற்றை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாகவே நடத்த வேண்டும், சிகிச்சை என்று விற்கலாகாது என்பது அவற்றின் கருத்து. நோயாளியிடம் விளக்கிக் கூறி, எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும் என்றும் அவை விதிக்கின்றன. 1951-ஆம் ஆண்டில் பால்டிமோரில் கேட்கப்படாத கேள்வி, இவ்விதியில் கேட்கப்படுகிறது.

பெரியவரிடம் நாம் பிரசுரத்தைத் தமிழில் படித்துக் காட்டினோம். அதன்பின், அந்நிலையத்தாரிடம் கேட்குமாறு ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். எந்த உறுப்பிலிருந்து அணுவை எடுப்பீர்கள்? அந்த அணு இந்த நோய்க்கு உதவும் என்று எங்கே நிறுவப்பட்டது? எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்குப் பயன் இல்லை? யாருடைய அனுமதி பெற்றிருக்கிறீர்கள்? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? பெரியவர் தொலைபேசியில் கேட்டார். முதற் கேள்விக்கு மட்டுமே விடை வந்தது, கொழுப்பிலிருந்து என்றார்களாம். வளையல்கள் விற்கப்படவில்லை.

பேரனைப் பின்னர் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். இடக்கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து வலக்கண்ணில் இட்டனர். பயன் தரலாம், தராமலும் போகலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னதாகப் பெரியவர் கூறினார். ஓராண்டு சென்றபின் வெண்மை பெரிதும் விலகிற்று. எழுத்துப் பலகையில் மேல் வரிகளை அவன் படிக்கிறான். கீழ்வரிகள் இன்னும் தெரியவில்லை.

இவ்வளவும் கூறியபின், எல்லாவற்றினும் எளிய செய்தி ஒன்று எஞ்சுகிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கசக்கலாகாது. எண்ணெயோ தாய்ப்பாலோ வேறு மருந்தோ தேடிப் போகலாகாது. அக்கணமே இமையை விரித்துத் தூய நீரைக் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் துணுக்குகளை அகற்றி, அதன்பின் மருத்துவரிடம் விரைய வேண்டும். குருத்து எரிந்தபின் அதனை மீட்க உலகத்து அறிஞர்கள் நூறாண்டு உழைத்தனர்; எரியாமல் காக்க ஒரு குடம் நீர் போதுமானதாக இருக்கக்கூடும். வெற்றிலைத் தட்டைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால், அந்த நீரும் வேண்டியதில்லை.